முதலில் சாவது எலி

காலில் முள் குத்திச் சீழ் வைத்துவிட்டால், இரண்டு நாளில் தொடை இடுக்கில் புளியங்கொட்டை அளவில் ஏதோ ஒன்று உருளும், தொட்டால் வலிக்கும். பாட்டி தடவிப் பார்த்துவிட்டு, "நெறி கட்டியிருக்கு, புண்ணு ஆறுனா தானா எறங்கிடும்" என்பாள். கையில் புண் என்றால் அக்குளில் நெறி கட்டும், தொண்டையில் புண் என்றால் கழுத்தில். இதை அனுபவித்தவருக்கு பிளேக்கைப் பாதி விளக்கியாகிவிட்டது.

நெறி என்று நாம் சொல்வது நிணநீர்க் கணு வீங்கிய நிலை. உடம்பு முழுக்க ரத்தக் குழாய்களைப் போலவே நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. வழியில் ஆங்காங்கே சுங்கச்சாவடி மாதிரி இந்தக் கணுக்கள் இருக்கின்றன. காலில் நுழைந்த கிருமி நிணநீரோடு மேலேறி வந்தால், தொடை இடுக்கில் உள்ள கணு அதைப் பிடித்து நிறுத்தும். அங்கே வெள்ளை அணுக்கள் சண்டை போடுகின்றன. அந்தச் சண்டையின் வீக்கம்தான் நெறி. பெரும்பாலும் நாம்தான் ஜெயிப்போம், வீக்கமும் வடிந்துவிடும்.

பிளேக்கில் சாவடியே எதிரியின் பாசறை ஆகிவிடுகிறது. யெர்சினியா பெஸ்டிஸ் என்ற பாக்டீரியாதான் இந்த நோய்க்குக் காரணம். பூச்சியின் உடம்பில் குளிர்ச்சியான சூட்டில் இருந்த இது, மனித உடம்பின் 37 டிகிரிச் சூட்டுக்கு வந்ததும் தன்மேல் ஓர் உறையைப் போர்த்திக்கொள்கிறது. தொடக்கத்தில் தன்னை விழுங்கிய வெள்ளை அணுவுக்குள்ளேயே பிழைத்துப் பெருகி, வெளியே வரும்போது விழுங்க முடியாததாக வருகிறது. கணு கோழிமுட்டை அளவுக்கு வீங்கிவிடும். நோயாளியால் தொடையை நீட்ட முடியாது, அக்குளில் வந்தால் கையை உடம்போடு சேர்க்க முடியாது. இந்த வீக்கத்துக்கு கிரேக்கர் வைத்த பெயர் பூபோன், தொடை இடுக்கு என்று பொருள். பியூபோனிக் பிளேக் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. நம் ஊரில் 'நெறிகட்டிப் பிளேக்' என்று சொன்னால் போதும், அதுவே சரியான மொழிபெயர்ப்பு.

ஏன் பெரும்பாலும் தொடை இடுக்கு? கிருமி வருவது பூச்சிக்கடி வழியாக. தரையிலிருந்து தாவும் பூச்சிக்குக் காலும் முழங்காலும்தான் முதலில் அகப்படும்.

கடித்து ஓரிரு நாள் முதல் ஒரு வாரத்துக்குள் திடீரென்று கடும் காய்ச்சல், குளிர், தலைவலி, எழுந்து நிற்க முடியாத சோர்வு. பிறகு நெறி. மருந்தில்லாமல் விட்டால் பத்தில் மூன்று முதல் ஆறு பேர் இறப்பார்கள். கணுவை உடைத்துக்கொண்டு கிருமி ரத்தத்தில் இறங்கினால் அது ரத்தப் பிளேக். விரல் நுனியும் மூக்கு நுனியும் கறுத்து அழுகுவது இதில்தான். ரத்தம் வழியே நுரையீரலை எட்டினால் அது நுரையீரல் பிளேக். இந்த நிலைக்கு வந்தவர் இருமினால் பக்கத்தில் இருப்பவருக்கு நேராகவே தொற்றும், பூச்சியின் தயவு தேவையில்லை. மருந்து கிடைக்காத நுரையீரல் பிளேக்கிலிருந்து ஏறக்குறைய யாருமே தப்புவதில்லை. மூன்று பெயர் இருப்பதால் மூன்று நோய் என்று நினைக்க வேண்டாம். ஒரே கிருமி, உடம்பில் எங்கே குடியேறியிருக்கிறது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.

இதுவரை மனிதனைப் பற்றியே பேசிவிட்டோம். அது கொஞ்சம் அகங்காரம்தான். பிளேக் எலிகளின் நோய். எலி, அணில், மர்மோட் போன்ற கொறிவிலங்குகளுக்குள்ளேயே அது சுற்றிக்கொண்டிருக்கும், நாம் அதன் கணக்கிலேயே கிடையாது. எலியின் ரோமத்துக்குள் தெள்ளுப்பூச்சி வாழ்கிறது. சிறகு கிடையாது, ஆனால் தன் உயரத்தைப் போலப் பல மடங்கு தாவும். நோயுற்ற எலியின் ரத்தத்தை அது குடிக்கும்போது கிருமியும் உள்ளே போகிறது. உள்ளே போன கிருமி பூச்சியின் இரைப்பை வாசலில் பிசின் போல ஒட்டிப் பெருகி, வழியை அடைத்துவிடுகிறது. பூச்சிக்கு அடங்காத பசி. கடிக்கிறது, உறிஞ்சுகிறது, ரத்தம் அடைப்பில் முட்டிக் கிருமியோடு கடிவாய்க்கே திரும்புகிறது. வயிறு நிறையாததால் மறுபடி கடிக்கிறது. பட்டினியால் சாகும்வரை இதே கதை. இந்த அடைப்பை 1914இல் பேகட், மார்ட்டின் என்ற இருவர் கண்டு சொன்னார்கள்.

எலி செத்ததும் உடம்பு குளிர்கிறது. பூச்சிக்குச் சூடு வேண்டும், அதனால் இறங்கி அடுத்த எலியைத் தேடுகிறது. எலிகள் கூட்டமாகச் செத்து அடுத்த எலி கிடைக்காதபோதுதான் நம் காலைத் தேடி வருகிறது. ஆகவே வரிசை எப்போதும் ஒன்றே: முதலில் எலி சாகும், பிறகு மனிதன்.

இந்த வரிசை மக்களுக்கு முன்பே தெரியும். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பில் ஆக்ராவில் நடந்த ஒன்றை எழுதியிருக்கிறார். ஒரு பிரபுவின் வீட்டு முற்றத்தில் எலி ஒன்று குடிகாரனைப் போலத் தள்ளாடி வந்தது. அதை வாலைப் பிடித்துத் தூக்கிப் பூனைமுன் போட்டார்கள். பூனை கவ்விய வேகத்தில் துப்பிவிட்டு நோயில் விழுந்தது. அடுத்து வீட்டுப் பணிப்பெண்ணுக்குக் கட்டி வந்தது, சில நாள்களில் அந்த வீட்டில் பதினேழு பேர் போய்விட்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் எழுதியது இது. எலி, பூனை, மனிதர் என்று வரிசைகூடச் சரியாக இருக்கிறது. காணாமல் போனது பூச்சி ஒன்றுதான்.

அந்தப் பூச்சியைக் கண்டுபிடிக்க இன்னும் ஏறக்குறைய முந்நூறு ஆண்டு ஆயிற்று. 1894இல் ஹாங்காங்கில் பிளேக் பரவியபோது, பாஸ்டர் ஆய்வகத்தைச் சேர்ந்த அலெக்சாந்தர் யெர்சின் அங்கே போனார். ஜப்பானின் கிடாசாட்டோ பெரிய குழுவோடு ஏற்கெனவே ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். யெர்சினுக்கு ஒரு கூரைக் கொட்டகைதான். இறந்தவரின் நெறியைக் கீறி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார், கிருமி கூட்டம் கூட்டமாகத் தெரிந்தது. செத்த எலிகளிலும் அதே கிருமி. கிருமியின் பெயரில் இன்று யெர்சின் இருக்கிறார்.

எலியிலிருந்து மனிதனுக்கு எப்படி வருகிறது என்ற கேள்வி அப்போதும் நின்றது. 1898 ஜூனில் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் செய்த சோதனையை ஒரு பள்ளி மாணவனுக்கும் விளக்கிவிடலாம். நோயுற்ற எலியைத் தெள்ளுப்பூச்சிகளோடு ஒரு கண்ணாடி ஜாடிக்குள் விட்டார். அது செத்ததும், நல்ல எலியைச் சின்னக் கூண்டில் வைத்து உள்ளே இறக்கினார். செத்த எலியை அது தொட முடியாது, ஆனால் பூச்சி தாவிவிடலாம். சில நாளில் இரண்டாவது எலியும் பிளேக்கில் செத்தது. இதை உலகம் உடனே ஒப்புக்கொண்டதா என்றால், இல்லை. சில ஆண்டுகள் ஏளனம்தான். பம்பாயில் லிஸ்டன் என்ற அதிகாரி, நோய் விழுந்த வீடுகளில் கினிப் பன்றிகளைப் பொறியாக வைத்துத் தெள்ளுப்பூச்சிகளைச் சேகரித்துக் காட்டிய பிறகு, 1910க்குள் வாதம் ஓய்ந்தது.

பூச்சியைத் தெரியாமல் பிளேக்கோடு போராடினால் என்ன ஆகும் என்பதற்கு பம்பாயே சாட்சி. 1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில், துறைமுகத்தை ஒட்டிய தானியக் கிடங்குகளுக்கு நடுவே, டாக்டர் அகாசியோ வீகாஸ் முதல் நோயாளிகளைக் கண்டார். அரசு நோயாளியைத் தூக்கிக்கொண்டு போனது, துணிமணியை எரித்தது, சாக்கடைகளில் கார்பாலிக் என்ற கிருமிநாசினி கலந்த கடல் நீரை லட்சக்கணக்கான காலன் கணக்கில் பாய்ச்சியது. சாக்கடையில் இருந்த எலி என்ன செய்யும்? வீட்டுக்குள் வந்தது. 1897இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. கொரோனா காலத்தில் நம் ஊரில் அமலானது அதே சட்டம்தான். புனேயில் வீடு வீடாகச் சோதனைக்குப் படைவீரர்களை இறக்கினார்கள். பெண்கள் இருக்கும் அறைக்குள்ளும் பூஜை அறைக்குள்ளும் பூட்ஸ் காலோடு நுழைந்தார்கள் என்ற கொதிப்பில், 1897 ஜூன் 22 இரவு பிளேக் கமிஷனர் ராண்டைச் சாப்பேகர் சகோதரர்கள் சுட்டார்கள். திலகர் தன் பத்திரிகை எழுத்துக்காக ராஜதுரோக வழக்கில் சிறை போனார். அதே ஆண்டு மார்ச்சில், நோயாளிகளுக்குத் தொண்டு செய்த சாவித்ரிபாய் புலேவும் பிளேக் தொற்றி இறந்தார்.

நம்பிக்கை தந்தவர் வால்டெமார் ஹாஃப்கின். ஒடெசாவில் பிறந்த யூதர். பம்பாயில் ஒரு சிறிய அறையில் தடுப்பூசி தயாரித்து, 1897 ஜனவரி 10 அன்று முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார். பாதுகாப்பு முழுமை இல்லை, பயன் இருந்தது. 1902இல் பஞ்சாபின் முல்கோவால் என்ற ஊரில் ஊசி போட்ட 19 பேர் வில்வாதம் (டெட்டனஸ்) கண்டு இறந்தார்கள். ஒரு மருந்துப் புட்டியில் கலந்த அசுத்தம் அது. பழி ஹாஃப்கின்மேல் விழுந்தது, அதிலிருந்து மீள அவருக்குப் பல ஆண்டு பிடித்தது. மும்பையின் பரேலில் அவர் பெயரில் இன்றும் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1896இல் தொடங்கிய அலையில் அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேல் செத்தார்கள். 1907 என்ற ஒரே ஆண்டில் பத்து லட்சத்தைத் தாண்டியது.

இதற்கு முன் இருமுறை பிளேக் உலகைச் சுற்றியிருக்கிறது. 541இல் எகிப்திலிருந்து கிளம்பிக் கான்ஸ்டான்டிநோபிளைத் தாக்கியது ஒன்று. 1347 அக்டோபரில் சிசிலியின் மெசினா துறைமுகத்துக்குக் கப்பலேறி வந்தது இன்னொன்று. ஐந்தே ஆண்டில் ஐரோப்பாவின் மக்கள்தொகையில் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை அழித்தது இது. 'கறுப்புச் சாவு' என்ற பெயரை அன்று அனுபவித்தவர்கள் வைக்கவில்லை, அவர்கள் 'பெருஞ்சாவு' என்றார்கள். கறுப்பு பின்னால் ஒட்டியது. பறவை அலகு வைத்த முகமூடி மருத்துவர் படமும் அப்படியே. அந்த வேஷம் 17ஆம் நூற்றாண்டு, 1347இல் அப்படி யாரும் நடமாடவில்லை. அந்தக் காலத்திலிருந்து நமக்கு உண்மையில் வந்து சேர்ந்த சொத்து ஒரு சொல். 1377இல் ரகூசா, இன்றைய டுப்ரோவ்னிக், வெளியிலிருந்து வருவோரை முப்பது நாள் தள்ளி நிறுத்தியது. முப்பது பிறகு நாற்பது ஆயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பதுக்கு 'குவாரன்டா'. குவாரன்டீன் பிறந்தது அங்கே. எலியின் தெள்ளு மட்டும்தானா, மனிதர் உடம்புப் பேனும் தெள்ளும் சேர்ந்தா அந்த வேகத்தில் பரப்பின என்று ஆய்வாளர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள்.

தமிழில் 'கொள்ளை' என்பது பழைய சொல். 'கொள்ளையில போக' என்று வைவார்களே, அந்தக் கொள்ளை. வாந்திபேதியும் அதில் அடக்கம், அம்மையும் அடக்கம். பிளேக்குக்கு மட்டும் ஆங்கிலப் பெயரே நின்றுவிட்டது, ஏனென்றால் அது நமக்குப் புதிதாக ரயிலேறி வந்த விருந்தாளி. சென்னை மாகாணத்தில் 'பிளேக் பாஸ்போர்ட்' என்று ஒன்று இருந்தது. நோய் இருக்கும் ஊரிலிருந்து ரயிலில் இறங்குபவர் அதை வாங்கிக்கொண்டு, குறிப்பிட்ட நாள்கள் தினமும் அதிகாரி முன் நின்று காய்ச்சல் இல்லை என்று காட்ட வேண்டும். 1899 ஜூனில் கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்த விவேகானந்தரையே சென்னையில் இறங்க விடவில்லை, கல்கத்தாவில் பிளேக் என்பதுதான் காரணம். நண்பர்கள் படகில் வந்து கப்பலுக்குக் கீழே நின்று பேசினார்கள். அவருடைய சென்னைச் சீடர் அளசிங்கப் பெருமாள் மட்டும் கொழும்புக்கு டிக்கெட் எடுத்துக் கப்பலேறிவிட்டார், அவரோடு பேச வேறு வழியில்லாமல்.

ராமேஸ்வரம் ரயிலில் போகிறவர்கள் 'மண்டபம் கேம்ப்' என்ற நிலையத்தைப் பார்த்திருப்பார்கள். பின்னாளில் இலங்கை அகதிகள் தங்கிய இடமாகத்தான் பலருக்கு அதைத் தெரியும். அந்தக் கேம்ப் முதலில் எழுந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களைத் தடுத்து நிறுத்திச் சோதிக்க. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய தனிமை முகாம். பிளேக், காலரா, அம்மை எதையும் தீவுக்குள் விடக் கூடாது என்பது திட்டம். சில நாள்கள் அடைத்து வைத்து, துணியையும் உடம்பையும் சுத்தம் செய்து, பிறகு கப்பல். பிளேக்கோ 1914இல் கொழும்புக்கு வந்துவிட்டது. தோட்டக்காட்டில் இல்லை, நகரத்தில், தானியக் கிடங்குகளைச் சுற்றி. சந்தேகப்பட்டது கூலியாளின் மூட்டையை. எலி வந்ததோ அரிசி மூட்டையோடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பம்பாயும் பஞ்சாபும் லட்சக்கணக்கில் சாக, சென்னை நகரம் எப்படி ஏறக்குறைய தப்பியது? இதற்கு விடை தேடியவர் கொழும்பு மாநகராட்சியில் பணியாற்றிய ஃபேபியன் ஹர்ஸ்ட். எலித்தெள்ளில் பல வகை உண்டு. பிளேக்கைப் பரப்புவதில் கெட்டிக்காரப் பூச்சிக்குக் கியோப்பிஸ் என்று பெயர், பிரமிடு கட்டிய எகிப்து மன்னனின் பெயர். சென்னையிலும் கொழும்பிலும் எலிமேல் பெரும்பாலும் இருந்தது அஸ்டியா என்ற இன்னொரு வகை, பரப்புவதில் மந்தம். அதோடு வெயில் வேறு. சூடு ஏறினால் பூச்சியின் இரைப்பை அடைப்பு கரைந்துவிடுகிறது, அடைப்பு இல்லாத பூச்சி அவ்வளவு வெறியோடு கடிப்பதில்லை. வடக்கிலும் ஒவ்வொரு கோடையிலும் பிளேக் தணிந்து, குளிர் காலத்தில் தலைதூக்கியது இதனால்தான். சென்னையின் புழுக்கத்தைத் திட்டுகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

குளிர்ந்த மேட்டு நிலங்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. 1898இல் பெங்களூரைப் பிளேக் உலுக்கியது. நெரிசலைக் குறைக்க எழுந்தவைதான் பசவனகுடியும் மல்லேஸ்வரமும். கோயம்புத்தூரை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலமுறை தாக்கியது. அங்கே இன்றும் 'பிளேக் மாரியம்மன்' கோயில் இருக்கிறது. அம்மைக்கு இருந்த அம்மனிடமே இந்தப் புது நோயையும் ஒப்படைத்துவிட்டார்கள்.

நுரையீரல் பிளேக்குக்குப் பூச்சி தேவையில்லை என்றேன். 1910-11 குளிர்காலத்தில் மஞ்சூரியாவில் சுமார் 60,000 பேரைக் கொன்றது அதுதான். தோலுக்காக மர்மோட் வேட்டையாடியவர்களிடம் தொடங்கி, ரயில் பாதை நெடுகப் பரவியது. அங்கே அனுப்பப்பட்டவர் பினாங்கில் பிறந்த வூ லியன் தே என்ற இளம் மருத்துவர். எலியைத் தேடாதீர்கள், இது மூச்சில் பரவுகிறது என்று சொல்லிப் பஞ்சும் மெல்லிய துணியும் வைத்த முகக்கவசத்தைக் கட்டச் சொன்னார். அனுபவம் மிக்க பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் அதைக் கேலி செய்து, கவசமில்லாமல் வார்டுக்குள் போனார். சில நாளில் இறந்தார். மறுநாளிலிருந்து எல்லார் முகத்திலும் துணி.

பிளேக் ஒழிந்துவிட்டதா? பெரியம்மையை ஒழித்தோம், அது மனிதனிடம் மட்டுமே வாழ்ந்தது. பிளேக் காட்டு எலி வளைகளில் இருக்கிறது, அங்கே போய் ஒழிக்க முடியாது. காங்கோ, மடகாஸ்கர், பெரு ஆகிய நாடுகளில் இன்றும் அடிக்கடி வருகிறது. 2017இல் மடகாஸ்கரில் சுமார் 2,400 பேருக்குத் தொற்று பதிவாகி 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பகுதி நுரையீரல் வகை. 1900இல் சான் பிரான்சிஸ்கோவில் கப்பலிறங்கிய பிளேக், அமெரிக்காவின் மேற்கு மாநிலத்து அணில் வளைகளில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. ஆண்டுக்குச் சராசரி ஏழு பேருக்கு வருகிறது. 2019இல் மங்கோலியாவில் மர்மோட்டின் பச்சை இறைச்சியைத் தின்ற தம்பதி பிளேக்கில் இறந்தார்கள்.

இந்தியாவில் 1966க்குப் பிறகு கேள்விப்படாமல் இருந்தது. 1993இல் லாத்தூர் நிலநடுக்கம். பக்கத்திலுள்ள பீட் மாவட்டத்திலும் பயந்த மக்கள் வீட்டைவிட்டு வெளியே தங்க, உள்ளே இருந்த தானியத்தில் எலி பெருகியது. 1994 ஆகஸ்டில் மாம்லா என்ற கிராமத்தில் நெறிகட்டிப் பிளேக் தென்பட்டது. செப்டம்பரில் சூரத்தில் நுரையீரல் பிளேக். லட்சக்கணக்கானோர் ரயிலேறி ஊரைக் காலி செய்தார்கள், மருந்துக்கடைகளில் டெட்ராசைக்ளின் தீர்ந்தது, வளைகுடா நாடுகள் விமானத்தை நிறுத்தின. இறந்தவர் எண்ணிக்கை ஐம்பதைச் சற்றுத் தாண்டியது, அவ்வளவுதான். பீதி செய்த நஷ்டம் நோய் செய்ததைவிடப் பல மடங்கு. பிறகு 2002இல் சிம்லா மாவட்டத்திலும், 2004இல் உத்தரகாசியின் ஒரு கிராமத்திலும் சில பேருக்கு வந்து அடங்கியது.

பீதி ஏன் வீண் என்றால், மருந்து இருக்கிறது. 1940களில் வந்த ஸ்ட்ரெப்டோமைசின் முதல், இன்றைய ஜென்டாமைசின், டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் வரை சாதாரண மருந்துகளே இதைக் கொல்லும். கணக்கு நேரத்தில் மட்டும். நெறிகட்டும் வகையில் முன்பே தொடங்கினால் பெரும்பாலோர் பிழைப்பார்கள், நுரையீரல் வகையில் அறிகுறி தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். கூட இருந்தவர்களுக்கும் சில நாள் மாத்திரை கொடுத்துவிடுவார்கள். எலிகள் காரணமில்லாமல் வரிசையாகச் செத்து விழுந்தால் வெறும் கையால் வாலைப் பிடித்துத் தூக்காமல், சுகாதார ஆய்வாளருக்குச் சொல்வது நல்லது. எலி மருந்து வைப்பதற்கு முன் பூச்சி மருந்து அடிக்க வேண்டும் என்பதும் விதி. எலியை முதலில் கொன்றால் பூச்சி யாரைத் தேடி வரும் என்பது இதற்குள் தெரிந்திருக்கும்.

ஓசூர், கோலார், சித்தூர் சேரும் முச்சந்தி வட்டாரம் இன்னும் அரசின் கண்காணிப்பில் இருக்கிறது, ஒருகாலத்தில் அங்கே காட்டு எலிகளிடம் பிளேக் இருந்தது என்பதால். பெங்களூரில் இதற்கென்றே தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பிரிவு ஒன்று உண்டு. எலி பிடிப்பார்கள், ரோமத்தைச் சீவித் தெள்ளு எண்ணுவார்கள். நாய்களின் ரத்தத்தையும் எடுப்பார்கள். நாய் வயல் எலியைத் தின்னும், பிளேக் கிருமி உள்ளே போனாலும் பெரும்பாலும் நோயில் விழாது, ஆனால் ரத்தத்தில் அதன் தடயம் தங்கும். சுற்றுவட்டாரத்து எலி வளைகளில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, ஊரில் உள்ள நாயின் ஒரு துளி ரத்தம் போதும்.